நீலகிரியில் கட்டுச்சோற்றோடு ஒரு நாள்: இடம் தேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவது என்றால் அது சாயங்காலக் கணக்கு. வெயில் தாழ்ந்து கடற்காற்று எழும்போது மணலில் ஜமுக்காளத்தை விரித்தால் இரவு எட்டு மணி வரை நிம்மதியாக உட்காரலாம். நீலகிரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே நல்ல நேரம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, மதியம் ஒன்றரை, இரண்டு மணியோடு முடிந்துவிடும். அதன் பிறகு மேகம் இறங்கலாம், சாரல் பிடிக்கலாம். இரண்டும் இல்லாவிட்டாலும் நிழல் விழுந்த இடத்தில் குளிர் உடனே ஏறும். மலையில் இடம் தேடுகிறவர் முதலில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விஷயம், இந்த வழிகாட்டி முழுக்க திரும்பத் திரும்ப வரப்போவது: பார்க்கிற இடம் வேறு, உட்காருகிற இடம் வேறு. டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக், கோடநாடு காட்சிமுனை, தொட்டபெட்டா எல்லாம் நின்று பார்க்க வேண்டிய இடங்கள். அங்கே தரை சமமாக இருக்காது, காற்று இலையைத் தூக்கும், குரங்கு சோற்றைத் தூக்கும். காட்சியை ஓர் இடத்திலும் சாப்பாட்டை இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டுமே நன்றாக அமையும்.

1. மாதத்தைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

நீலகிரி ஒரே மலை என்றாலும் மழை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழை, மேற்குச் சரிவில் மோதி அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும். கூடலூர், தேவாலா, நடுவட்டம், பைக்காரா, அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அதே ஆடி மாதத்தில் குன்னூரும் கோத்தகிரியும் மழை மறைவில் இருக்கும். அங்கே மேகம் ஓடும், காற்று அடிக்கும், ஆனால் உட்கார முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் இது அப்படியே தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைத்தான் பிடிக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் கனமழை எச்சரிக்கை இருந்தால் பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் சாலையிலும், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறும் சாலையிலும் சுற்றுலாவுக்காக ஏறவே வேண்டாம். ஏற்கெனவே ஊட்டியில் தங்கியிருக்கிறீர்கள், வானம் வெளுத்திருக்கிறது என்றால் மேற்கே பைக்காரா பக்கம் போகலாம்.

ஆகவே, ஆடியில் கிழக்கு, ஐப்பசியில் மேற்கு. இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், தூரத்துச் சமவெளி வரை தெரியும். ஆனால் இரவில் உறைபனி விழும். ஊட்டியைச் சுற்றியுள்ள பள்ளங்களில் புல் காயக் காலை ஒன்பதரை, பத்து ஆகிவிடும். பிப்ரவரியிலிருந்து புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் கூடுவதால், வனத்துறை சில இடங்களை மூடும். ஏப்ரல், மே மாதங்களில் காலை அருமையாக இருக்கும், பிற்பகலில் இடியோடு கோடை மழை வரும். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டு மாதங்களில் ஊட்டி நகரத்துக்குள் இடம் தேடாமல் கோத்தகிரி பக்கம் போவதே எங்கள் யோசனை.

2. ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. சீசன் ஞாயிறு என்றால் முதல் நாள் இரவு பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பிளாஸ்டிக் விஷயத்தில் மாவட்டம் கண்டிப்பானது. சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். சிறிய தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், தட்டு எதையும் எடுத்து வராதீர்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டு வந்தால் ஊட்டி, குன்னூரில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். சாப்பிட மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு, வாழையிலை. இவற்றையும் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறோம்.

சீசனில் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்புவார்கள். ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் இதைச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஏறும்போது குன்னூரில் காலைப் பலகாரம், இறங்கும்போது கோத்தகிரியில் மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் வண்டியை எங்கும் திருப்ப வேண்டியிருக்காது.

3. காட்சிமுனையை பத்து மணிக்குள் முடியுங்கள்

கிழக்கு விளிம்பில் உள்ள காட்சிமுனைகளில் மேகம் ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெயில் ஏற ஏற, சரிவும் சமவெளியும் சூடாகி ஈரக்காற்று மேலே ஏறும். ஏறிய காற்று விளிம்புக்கு வரும்போது குளிர்ந்து மேகமாகும். லாம்ப்ஸ் ராக்கிலும் டால்பின் நோஸிலும் ஏழரை மணிக்குத் தெரிந்த பள்ளத்தாக்கு, பதினொன்றுக்கு வெள்ளைத் திரையாகிப் போவது இதனால்தான். நேரம் போனால் மேகம் விலகும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள், ஏனென்றால் வெயில் கூடக் கூட மேகமும் கூடும்.

கோடநாடு காட்சிமுனை கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ரங்கசாமி மலை முகடும் அங்கிருந்து தெரியும். காலையில் முதலில் அங்கே போய்விட்டு, சாப்பாட்டுக்குக் கோத்தகிரி பக்கம் திரும்புங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம். அங்கே காற்றுக்கு மறைவே கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்குவதே சரி.

4. சாப்பிட உட்காரும் இடம்

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள்.

முதியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் பூங்காவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். கழிப்பறை இருக்கும், பெஞ்சு இருக்கும், காவலாளி இருப்பார். ஆனால் பூங்கா என்றால் சமதரை என்று நினைத்துவிடக் கூடாது. குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-இல் ஒரு பள்ளத்தின் இரு சரிவுகளில் உருவானது. வாசல் மேலே, தோட்டம் கீழே. இறங்கும்போது சுகமாக இருக்கும், சாப்பிட்டு முடித்த வயிற்றோடு ஏறும்போதுதான் முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம் தெரியும். அவர்களை மேல் தளத்திலேயே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கிப் பார்த்து வரலாம். 1848-இல் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் இதற்கு எதிர்மாறு. வாசலை ஒட்டிய கீழ்ப்புல்வெளி விசாலமானது, உள்ளே போகப் போக ஏற்றம். மே மாத மலர்க் கண்காட்சியை ஒட்டி அந்தப் புல்வெளியில் கால் வைக்க விடமாட்டார்கள். எந்தப் பூங்காவிலும் வெளி உணவுக்கு அனுமதி உண்டா, எந்தப் பகுதியில் உட்காரலாம் என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கூட்டம் குறைந்த இடம் வேண்டுமென்றால் குன்னூர் அருகே காட்டேரிப் பூங்கா, ஊட்டி பெர்ன்ஹில்லில் கர்நாடக அரசின் தோட்டக்கலைத் துறை நடத்தும் கர்நாடகா சிரி பூங்கா, கோத்தகிரி நகரிலேயே இருக்கும் நேரு பூங்கா ஆகியவற்றைப் பார்க்கலாம்.

வண்டி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி: ஊட்டியிலிருந்து மலை ரயிலில் ஏறி, லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் வழியாகக் குன்னூரில் இறங்கி, ஆட்டோவில் சிம்ஸ் பூங்கா. பயணமே பாதி சுற்றுலா.

பூங்காவுக்கு வெளியே, திறந்த இடத்தில் உட்காருவதென்றால் தரையைப் படிக்கத் தெரிய வேண்டும். வண்டியை விட்டு ஒருவர் மட்டும் முதலில் இறங்கிப் போகட்டும். அவர் பார்க்க வேண்டியவை இவை.

சாணமும் குளம்படியும். பெரிய, ஈரமான சாணம் கிடந்தால் அது காட்டுமாட்டுப் பாதை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எங்கும் காட்டுமாடுகள் தேயிலைத் தோட்டத்திலும் தெருவிலும்கூட நடமாடும். தனியாக நிற்கும் கிடாவும் கன்றோடு நிற்கும் பசுவும் ஆபத்தானவை. கண்ணில் பட்டால் படம் எடுக்க நெருங்காமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்கி வண்டிக்குத் திரும்புங்கள்.

தலைக்கு மேல் என்ன மரம். கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும் சீகை மரமும் மலைக்கு வெளியிலிருந்து வந்தவை. காற்றிலும் தொடர்மழையிலும் கிளை முறியும், ஈரமண்ணில் வேரோடு சாயும். மழைக்காலத்தில் அவற்றின் அடியில் உட்காரவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம். பைன் மரத்தடி நிழலாகவும் சுத்தமாகவும் இருக்கும், ஆனால் சரிவில் உதிர்ந்து கிடக்கும் ஊசி இலை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

சரிவு. கண்ணுக்குச் சமமாகத் தெரிவது பல நேரம் சமமாக இருக்காது. ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். ஒரு பக்கம் வழிந்தால் சாம்பார் கிண்ணமும் அப்படித்தான் வழியும்.

காஞ்சொறி. ஈரமான மறைவிடங்களில் வளரும். இலையிலும் தண்டிலும் உள்ள முள்மயிர் பட்டால் கொப்புளம் எழுந்து மணிக்கணக்கில் எரியும். ஒதுங்க இடம் தேடிப் புதருக்குள் போகும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் படுகிறது. இதற்காகவாவது கழிப்பறையிலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்குள் இடம் பாருங்கள்.

அட்டை. மழைக்காலத்தில் சோலையோரத்திலும் தோட்டத்திலும் இருக்கும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். உப்பு போட்டால் அல்லது நகத்தால் வாய்ப்பக்கம் மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சிறிது நேரம் நிற்காமல் வருவது இயல்பு, அழுத்திப் பிடித்தால் போதும்.

5. அழகாகத் தெரிந்தும் உட்காரக் கூடாத இடங்கள்

தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம்போல் தெரியும். ஆனால் அது ஒருவரின் நிலம், தொழிலாளர்கள் வேலை செய்யும் இடம், மருந்து தெளிக்கப்பட்ட செடி. இவை போதாதென்று, செடிகளுக்கு நடுவே மழைநீர் வடியக் கால்வாய் வெட்டியிருப்பார்கள். செடி அதை மூடி மறைத்திருக்கும். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து அதில் கால் சிக்கிக் கணுக்கால் பிசகுவது அடிக்கடி நடப்பது. தோட்டத்தில் உட்கார விரும்பினால் பார்வையாளர்களை அனுமதிக்கும் எஸ்டேட்டில் கேட்டுவிட்டு, பாதையை விட்டு விலகாமல் இருங்கள்.

அணைக்கரைகள். எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா எல்லாம் மின் உற்பத்திக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். நீர் வடிந்த கரை மேலே காய்ந்து, அடியில் சேறாக இருக்கும். இரண்டு அடி வைத்தால் முழங்கால் வரை இறங்கும். தண்ணீர் குளிர்ந்து கிடப்பதால் நீச்சல் தெரிந்தவருக்கும் கைகால் சீக்கிரம் விறைத்துவிடும். கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். பைக்காராவில் படகு இல்லம் இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவலாஞ்சிக்குள் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், சாப்பாடு வெளியே.

கூடலூர் சாலையில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகள், ஊர்க்காரர்கள் ஷூட்டிங் மட்டம் என்று சொல்லும் இடம் உட்பட, பார்க்கப் பார்க்க அலுக்காதவை. அனுமதி உள்ள பகுதியில் சீட்டு வாங்கி நடக்கலாம். மற்ற புல்வெளி வனத்துறையின் காடு, அனுமதியின்றி நுழைவது குற்றம். அந்தப் பக்கம் தோடர் பழங்குடியினரின் மந்துகள், அதாவது குடியிருப்புகள், உண்டு. மந்தில் உள்ள கோயிலின் அருகே வெளியாட்கள் போகக் கூடாது. எருமைகளை விரட்டுவதும் கூடாது. இடி இடிக்கும் அறிகுறி தெரிந்தால் திறந்த புல்மேட்டை விட்டு உடனே வண்டிக்குத் திரும்புங்கள்.

கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனையிலும், குன்னூர் சாலையில் பர்லியாறிலும் பலாப்பழக் காலத்தில் யானைகள் வரும். அந்த வளைவுகளில் நிறுத்திச் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

6. என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்படிக் கட்டுவது

அடுப்பு மூட்டிச் சமைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். காட்டோரத்தில் தீ மூட்டுவதற்குத் தடை உண்டு. கட்டுச்சோறே சிறந்தது, ஆனால் மலைக்கு ஏற்ற மாதிரி சில மாற்றங்கள் தேவை.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் நண்பகலிலேயே அதைவிடக் குளிர் இருக்கும் நாட்கள் அதிகம். தேங்காய் எண்ணெயில் செய்த பொரியலும் நெய், வனஸ்பதி ஊற்றிய சாதமும் வாயில் மெழுகுபோல் ஒட்டும். நல்லெண்ணெயில் கிளறிய புளியோதரைக்கு அந்தக் குறை இல்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அப்படியே, எண்ணெய் தாராளமாக இருக்கட்டும். தயிர்சாதம் குளிரில் இறுகிக் கட்டியாகும், வழக்கத்தைவிடப் பால் ஒரு மடங்கு கூடுதலாக ஊற்றிக் குழைவாகப் பிசையுங்கள். தேங்காய்ச் சட்னியை விட்டுவிடுங்கள், மேட்டுப்பாளைய வெயிலைத் தாண்டுவதற்குள் ஊசிப்போகும். அதற்குப் பதில் தக்காளித் தொக்கு.

அளவு: பெரியவர் ஒருவருக்கு 120 கிராம் அரிசி. குளிரில் பசி கூடும், அதனால் வீட்டுக் கணக்கைவிடச் சற்று அதிகம். ஆறு பேர் என்றால் 700 முதல் 750 கிராம், அதில் மூன்றில் இரண்டு பங்கு புளியோதரை, ஒரு பங்கு தயிர்சாதம். தண்ணீர் தலைக்கு ஒன்றரை லிட்டர். தேநீர் ஒருவருக்கு 100 மில்லி வீதம் இரண்டு சுற்று, ஆறு பேருக்கு 1.2 லிட்டர். அதை ஒரே பெரிய பிளாஸ்கில் ஊற்றாமல் இரண்டு சிறியவற்றில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றைத் திறந்தாலும் மற்றது சூடாக இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கீழே இறுக்கி மூடிய டப்பாவுக்குள் உள்ள காற்று மேலே வந்ததும் வெளியே தள்ளும். சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்புவதும், சாம்பார்த் தூக்கு மூடியோரம் கசிவதும் இதனால்தான். குழம்பு வகையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். குன்னூரில் வண்டியை நிறுத்தும்போது எல்லா மூடிகளையும் ஒருமுறை தளர்த்தி, திரும்ப மூடுங்கள்.

விரிப்புக்கு ஜமுக்காளம் மட்டும் போதாது. புல்லின் ஈரம் கால் மணி நேரத்தில் ஏறிவிடும். அடியில் தார்ப்பாய், மேலே ஜமுக்காளம். ஆறு பேருக்குப் பத்துக்கு எட்டு அடி வேண்டும். நான்கு மூலையிலும் வைக்கக் கல் தேடாமல் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். கல்லைப் புரட்டினால் அடியில் தேள் இருக்கலாம்.

7. சாப்பிடும்போதும் கிளம்பும்போதும்

குரங்கு வந்தால் ஒரு வாய்கூடப் போடாதீர்கள். ஒன்றுக்குப் போட்டால் கூட்டமே வரும். எல்லா டப்பாவையும் ஒரே நேரத்தில் திறக்காமல், ஒவ்வொன்றாகத் திறந்து பரிமாறி மூடிவிடுங்கள். தேவையில்லாத பையை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

மிச்சச் சோற்றை மாட்டுக்காகட்டும், காக்கைக்காகட்டும் என்று மரத்தடியில் கொட்டுவது நல்ல மனதோடு செய்யும் தவறு. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடிகள் எண்ணெய் வாசனைக்குக் கோயில், கடைக் கதவுகளை உடைத்தே உள்ளே போகின்றன. நீங்கள் கொட்டிய புளியோதரையைத் தேடி அன்று இரவு வரும் கரடி, மறுநாள் விடியலில் இலை பறிக்க வரும் பெண்கள் முன்னால் நிற்கும். இலை, தோல், எலும்பு, எண்ணெய் துடைத்த காகிதம் எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரு காலித் தூக்கில் போட்டுக்கொண்டு நகரத்தில் உள்ள குப்பைத்தொட்டியில் சேருங்கள்.

வானம் தெளிவாகவே இருந்தாலும், மூன்று மணிக்குள் விரிப்பை மடியுங்கள். நான்கு மணிக்குள் மலைப்பாதையில் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே சமவெளியைத் தொடலாம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது இங்கே வழக்கம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

கீழே வீடு வந்து சேர்ந்ததும் எவர்சில்வர் டப்பாவின் மூடி என்ன இழுத்தாலும் திறக்காமல் இருக்கலாம். மேலே மூடிய மெல்லிய காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, கீழுள்ள அழுத்தம் மூடியை அமுக்கிப் பிடித்திருக்கும். சுத்தியலைத் தேட வேண்டாம். டப்பாவை ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்துத் திருகினால் வந்துவிடும்.